மட்டக்களப்பின் கோடைக் கூத்துகள்: ஒரு விமர்சன நோக்கு

மட்டக்களப்புக் கூத்தினைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை இன்று கணிசமானவை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் அலங்காரரூபன் நாடகத்தைப் பதிப்பித்து வெளியிட்டார். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. சி. மௌனகுருவின் விரிவான ஆய்வு 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்னும் பெயரில் 1998இல் நூலுருப் பெற்றது. இவற்றின் பயனாக வடமோடி, தென்மோடி வேறுபாடு, ஆட்டமுறை, பாவகை, உடை, ஒப்பனை ஆகியன பற்றி ஓரளவு தெளிவு நமக்குக் கிடைத்துள்ளது. எனினும் இத்துணை எழுதப்பட்ட பின்னரும் நமது விமர்சனத்தில் ஒரு கூற்று மட்டும் மாறாது நின்று வருகிறது. கூத்து அளவுக்கு மிஞ்சி நீண்டது. விடியவிடிய ஆடப்படும் அதனைச் சுருக்கினாலன்றி இக்கால நாடகமாக அது நிலைக்காது என்பதே அக்கூற்று. சொல்பவர் பலர், இக்கூற்றினை ஆராய்ந்தவர் மிகச் சிலர். கூத்தின் நீளத்தை மதிப்பிட முன்வரும் விமர்சகன் முதலிற் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: எதனுடைய நீளத்தை நாம் அளக்கிறோம்?

வாவியின் கிழக்கே கடலோரமாக எழுவான்கரையும் மேற்கே வயல்சார்ந்த படுவான்கரையும் அமைந்த இப்பிரதேசத்தில் ஆண்டின் ஒழுங்கை வகுப்பது மழையே. பெரும்போக வேளாண்மை மாரி மழையை நம்பி விதைக்கப்பட்டுத் தை முதற் பங்குனி வரையில் அறுவடையாகிறது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் நீர் பாயும் இடங்களிலே சிறுபோகம் செய்யப்படும். ஏனைய வயல்கள் தரிசாய்க் கிடக்கும். பின்னர்க் கச்சான் காற்று வீசத் தொடங்குகிறது. (கூத்துக் களரியைச் சுற்றி விற்கப்படும் நிலக்கடலைக்கும் அதுவே பெயர் என்பது ஒரு சுவையான ஒற்றுமை.) வைகாசியிற் கண்ணகையம்மன் சடங்குகள் நிகழ்கின்றன, அவற்றைத் தொடர்ந்து ஏனைய கோயிற் சடங்குகளும் விழாக்களும் வருகின்றன. வீட்டில் நெல்லும் கையிற் சிறிது பணமும் உள்ள காலம் இது. மண்ணாற் கட்டப்பட்டு வானத்தையே பெரும்பாலும் கூரையாகக் கொண்ட களரிக்கு ஏற்ற வறண்ட காலமும் இதுவே. கோடையிற் கூத்து ஆடப்படுவதற்கான காரணங்களை இவ்வளவோடு நிறுத்திவிடலாம். ஆயின் கோடை என்பது ஆடப்படும் காலம் மட்டுமன்று, ஆட்டம் உருவாகும் காலமுமாகும் என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை.

கூத்துத் தொடங்குவது களரியிலன்று. ஊர்ப்பெரியோர் கூடி இன்ன கூத்தென்று தீர்மானித்து அண்ணாவியாரை அழைத்தபின் சட்டங்கொடுத்தல் நிகழ்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்குமுரிய பாட்டும் வசனமும் எழுதிய பகுதி அப்பாத்திரத்தை ஆடவிருப்பவனிடம் முறைப்படி கையளிக்கப்படும். குரல், உடற்கட்டு, ஆட்டத்திறன் என்பன அப்போது கவனிக்கப்படுகின்றன. குடும்பத்தின் நிலையும் கவனிக்கப்படுகிறது. அருச்சுனன் யாருக்கு, துரோபதை யாருக்கு என்னும் வினாவில் ஊரின் உறவுகள் யாவும் அசைகின்றன. அதன்பின் வாரக்கணக்காக, பல வேளைகளில் மாதக்கணக்காக, இரவுதோறும் பயிற்சி நடைபெறும். ஆட்டம் ஓரளவு கால்களிற் படிந்ததும் சதங்கை அணிதல், அரங்கேற்றத்துக்கு முன் முழுக் கூத்தையும் ஆடிச் சரிபார்க்கும் அடுக்குப் பார்த்தல், பின்னர் அரங்கேற்றம், அதன்பின் வீட்டுக்கு வீடு சென்று ஆடுதல். அரங்கேற்ற நாளன்று வரும் ஊரவர் எவருக்கும் அக்கூத்து முற்றிலும் புதியதன்று. பயிற்சி நடந்த முற்றத்தைச் சுற்றி இருந்தவர்களும் அவ்வழியே போய் வந்தவர்களும் அதன் பாட்டுக்களை முன்னரே கேட்டுவிட்டனர். சிறுவர் பலர் வரவு ஆட்டங்களை வயல் வரம்புகளில் ஆடிப் பழகியும் விட்டனர்.

இவ்வாறு நோக்குமிடத்து, 'விடியவிடிய ஆடும் நாடகம்' என நாம் அளவிடுவது ஒரு நீண்ட நிகழ்வின் ஓர் இரவை மட்டுமே எனலாம். அவ்விரவுக்கு மட்டும் வந்து சேரும் வெளியூர் விமர்சகன் நாவலொன்றின் இறுதி அத்தியாயத்தைப் படித்துவிட்டு அதன் பாத்திரங்கள் போதிய அறிமுகமின்றி வருகின்றன எனக் குறைகூறுபவனை ஒத்தவன். வேடிக்கை யாதெனில், கூத்தின்மீது நாம் சுமத்தும் குறை இதற்கு நேர்மாறானது: பாத்திர அறிமுகம் மிகையாக உள்ளது என்பதே அது.

வரவு பற்றிய பிரச்சினையை ஈண்டுச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். பாரதப் போர்க் கதையை ஆடும் வடமோடிக் கூத்தொன்றிற் கட்டியகாரன் வருகையறிவித்தபின் ஒவ்வோர் அரசனும் தனக்குரிய தாளக்கட்டுக்கு ஆடிக்கொண்டு களரியுட் புகுகின்றான். களரியின் நடுவே அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, அவன் அவர்களைச் சுற்றி வட்டமாக ஆடி, விருத்தத்தாலும் தருவாலும் தன்னைக் கூறிக்கொள்கின்றான். கதை நகரத் தொடங்குமுன் இரவில் ஒரு கணிசமான பகுதி கழிந்துவிடும். படச்சட்ட மேடைக்குப் பழகிய கண்ணுக்கு இது தாமதம். ஆயின் களரியைச் சுற்றிப் பாய் விரித்திருப்போர் கர்ணன் இறப்பானா இல்லையா என அறிய வந்தவரல்லர். அது அவர்கட்குப் பிறந்தது முதற் தெரியும். சென்ற மாதம் தாளம் பிசகித் தடுமாறிய அந்தப் பையன் இன்று எவ்வாறு ஆடுகிறான் என்பதையே அவர்கள் பார்க்கின்றனர். உறவினர் களரியருகே சென்று பணமோ துணியோ அன்பளிப்பாக வழங்குவதும் இவ்வேளைகளிலேதான். கதைக்கு வெளியேயும் ஓர் ஆவல் அங்கு உண்டு. வரவின் நீளம் அவ்வாவலைத் தாங்குகின்றது. இதை நாடகத்துக்குப் புறம்பானது என ஒதுக்குபவர், நாடகம் என்பது கதைப்பின்னலே என்னும் கருத்தை வேறோர் அரங்கிலிருந்து இங்கே கொண்டுவருகின்றனர்.

ஆயினும் நீளம் அனைத்தும் நியாயமானதே என வாதிடுவது நேர்மையாகாது. வரவுகளுள்ளும் தரவேறுபாடு உண்டு. அரசனுக்கும் பெண் பாத்திரத்துக்கும் வேடனுக்கும் அரக்கனுக்கும் வெவ்வேறு தாளக்கட்டும் வெவ்வேறு ஆட்டக்கோலமும் அமைந்து, அண்ணாவியார் அவற்றைக் கண்டிப்பாகப் பயிற்றியிருப்பின், பத்தாவது வரவும் சலிப்பூட்டாது. அவ்வாறன்றி எல்லா அரசரும் ஒரே ஆட்டத்தை ஆடுமிடத்து மூன்றாவது வரவிலேயே களரி தளர்ந்துவிடுகிறது. அங்கே பயிற்சி போதாமையை மரபு என்னும் பெயர் மூடிநிற்கின்றது. விருத்தத்திற் கூறப்பட்டது தருவிலும், தருவிற் கூறப்பட்டது வசனத்திலும் மீண்டும் வருவது மற்றொரு குறை. ஏட்டிலிருந்து கொப்பிக்கும் கொப்பியிலிருந்து கொப்பிக்குமாகப் பெயர்த்தெழுதப்பட்டதிற் சிதைந்த பாடங்கள் பல, பொருள் தெரியாமலே பாடப்படுகின்றன. இத்தகைய இடங்களிற் கத்தரிக்கோலை எடுப்பதில் எவருக்கும் தயக்கம் வேண்டியதில்லை. எந்த நீளம் ஆட்டத்தால் நிரம்பியது, எது வெறும் பழக்கத்தால் நின்றது என வேறுபடுத்துவதே விமர்சனத்தின் பணி. 'சுருக்குக' என்ற ஒற்றைச் சொல்லினால் அப்பணி நிறைவேறாது.

பேராதனையில் நிகழ்ந்த முயற்சியையும் இவ்வளவுகோலினால் நோக்கலாம். 1956இற் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள நாடகத்துக்குக் காட்டிய வழி வித்தியானந்தனைத் தூண்டியதென்பது பலரும் அறிந்தது. மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடும் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டும் அவர் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலி வதை (1968) ஆகியவற்றை மேடையேற்றினார். இரவு முழுவதும் ஆடப்படும் வடிவம் இரண்டொரு மணி நேரத்துக்கு ஒடுங்கிற்று. பெற்ற பயன் சிறிதன்று. கூத்தாடுதலை இழிவெனக் கருதிய படித்த வகுப்பினர் அதனைத் தம் கலையென ஏற்றனர். இராவணேசனில், தன் முடிவை நோக்கித் தானே நடக்கும் ஒரு மனிதனின் துன்பியல் வரவாட்டத்தின் மிடுக்கிலிருந்தே எழுந்தது. நீண்ட கூத்தில் இச்செறிவு கிட்டியிராது. ஆனால் வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. நடுவே நின்ற அண்ணாவியார் ஓரத்துக்குச் சென்றார். சுற்றி ஆடிய ஆட்டம் முன்னோக்கிய ஆட்டமாயிற்று. இம்மாற்றங்கள் அவர் நோக்கத்துக்கு இயைந்தவை, அவரைக் குறைகூறுவதற்கில்லை. பின்வந்தோர் இவ்வடிவத்தையே 'செம்மை பெற்ற கூத்து' எனக் கொண்டு, ஊர்க்கூத்தை அதன் செம்மையுறாத முன்வடிவமாக மதிக்கத் தொடங்கியதே தவறு. கால வரையறையோடு நிகழும் போட்டி மேடைகளில் இன்று காணப்படும் கூத்துகள் பெரும்பாலும் இம்மனப்பாங்கின் விளைவுகளே: ஒரு வரவு, ஒரு வாதம், ஒரு போர், மங்களம்.

மறுபுறம், கோடைக் கூத்தினை ஊர் முழுவதற்கும் பொதுவான சமுதாயக் கலையெனப் புகழ்ந்து அமைவோரும் உளர். இது பாதி உண்மை. சட்டம் யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்னும் வினாவிற்குச் சாதியமைப்பு நெடுங்காலமாக விடையளித்து வந்துள்ளது. பெண்கள் களரியைச் சுற்றி இருந்தனர். களரியினுள் துரோபதையாகவும் சீதையாகவும் ஆடியவர் ஆடவரே. நிலவுடைமைச் சமுதாயத்தின் படிநிலை, அரசர் வரவின் ஒழுங்கிலே அழகுபெற்றுத் தோன்றுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. மௌனகுரு 1969இற் 'சங்கார'த்தை வடமோடி ஆட்டத்திற் படைத்தபோது, அரசரும் அரக்கரும் நின்ற இடத்தில் உழைப்போரையும் அவரை ஒடுக்கும் சமூகத் தீமைகளையும் நிறுத்தினார். வடிவம் அப்பொருளைத் தாங்கியது. எனினும் அதுவும் மேடைக்கான படைப்பே. ஊரின் சட்டங்கொடுத்தல் முறையை அது தொடவில்லை, தொட வேண்டுமென்பது அதன் நோக்கமும் அன்று.

1980களிலிருந்து 2009 வரை இப்பிரதேசத்திற் போர் இரவையே பறித்தது. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் இடப்பெயர்வும் உள்ள இடத்தில் விடியும்வரை விளக்கெரித்து மத்தளம் முழக்குதல் எளிதன்று. கூத்து அற்றுப்போகவில்லை, ஆயினும் அதன் தொடர்ச்சி பல ஊர்களில் முறிந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை எழுவான்கரை ஊர்கள் பலவற்றைச் சிதைத்தது. நீளம் பற்றிய விவாதம் இவ்வாண்டுகளில் ஒரு கசப்பான பொருளைப் பெற்றது. நகர விமர்சகர் கேட்ட சுருக்கத்தை அச்சம் நிறைவேற்றி வைத்தது. சுருங்கிய கூத்துகள் அதனாற் சிறந்த கூத்துகளாகிவிட்டனவா என்பதை அவ்விமர்சகர்கள் பின்னர்ச் சென்று பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்பின்னணியிலே சீலாமுனையிற் சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கூத்தரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்க முயற்சி தனிக்கவனத்துக்குரியது. பிரதியிற் சாதி, பெண் பற்றி வரும் பகுதிகளை ஆடுவோரும் ஊரவரும் கூடி விவாதித்து மாற்ற முற்பட்டமை அதன் சிறப்பு. மாற்றம் ஒரு நெறியாளரின் மேசையில் நிகழாமல், கூத்து உருவாகும் காலத்தினுள்ளேயே நிகழவேண்டுமென்பது அதன் அடிப்படை. அம்முயற்சியின் கருத்துநிலையோடு முரண்படுவோர் உளர். மரபினைக் கலைப்பதற்கு எவருக்கு உரிமை என அவர்கள் கேட்பது அலட்சியப்படுத்தத்தக்க வினாவன்று. ஆயினும் பேராதனை முயற்சி தொடாது விட்ட இடத்தை, சட்டங்கொடுத்தலிலிருந்து அரங்கேற்றம் வரையிலான அந்நீண்ட இடைவெளியை, கலையின் பகுதியாகவே கருதிய முயற்சி இது என்பது மனங்கொள்ளத்தக்கது.

நமது பல்கலைக்கழகங்களிற் கூத்துப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்க்கு ஒன்று கூற விரும்புகிறேன். இன்று அரங்கேற்றங்களைப் பதிவுசெய்யக் கைத்தொலைபேசிகள் நிறைய உள்ளன. களரியைச் சுற்றி நிற்போரிற் பாதிப்பேர் படம்பிடிக்கின்றனர். ஆயின் அடுக்குப் பார்க்கும் இரவில், அண்ணாவியார் ஆட்டத்தை நிறுத்தி ஒருவனுடைய காலடியைத் திருத்தும்போது எதைச் சொல்லித் திருத்துகிறார், எந்த வரவை நீட்டச் சொல்கிறார், எதனை 'போதும்' என வெட்டுகிறார் என்பன பற்றிய பதிவுகள் அரிது. கூத்தின் நீளத்தைப் பற்றி நாம் நடத்தும் விவாதத்தை அண்ணாவிமார் ஆண்டுதோறும் அங்கே நடத்தி முடிவு கண்டுவருகின்றனர். அறுவடை முடியும் பங்குனியிலே சட்டங்கொடுக்கும் ஊர் எதுவென விசாரித்து, அங்கிருந்தே ஒருவர் தம் குறிப்பேட்டைத் தொடங்கலாம்.