பறக்காத உபகரணம்

நாஞ்சில் நாட்டில் ராக்கெட் பேச்சு வந்தால் சரக்கல்விளையும் மேலக்காட்டுவிளையும் கூடவே வந்துவிடும். கே. சிவன், வி. நாராயணன் என்று இஸ்ரோவுக்கு இரண்டு தலைவர்களைத் தந்த ஊர்கள், பெருமை நியாயம்தான். எனக்குப் பிடித்தது வேறொன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, திருநெல்வேலி மாவட்ட எல்லைக்குள், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. எஞ்சின்களைக் கட்டிவைத்து எரித்துப் பார்க்கும் இடம்.

அங்கே சோதிக்கப்படும் ஒன்று, இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டின் உச்சி அடுக்கில் இருக்கும் சிஇ20 கிரையோஜெனிக் எஞ்சின். அது எரிப்பது மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனை, மைனஸ் 183 டிகிரி திரவ ஆக்சிஜனோடு. காற்றில்லாத உயரத்துக்கென்று செய்த எஞ்சின் என்பதால் அதன் நாசிலின் (வாயு வெளியேறும் கூம்பின்) வாயில் அழுத்தம் சுமார் 50 மில்லிபார்தான். தரையில் நம்மைச் சுற்றியுள்ள காற்றோ ஆயிரத்துச் சொச்சம். இங்கே அப்படியே பற்றவைத்தால் வெளிக்காற்று உள்ளே நெருக்கும், தீப்பிழம்பு நாசில் சுவரைவிட்டுப் பிரிந்து உதறும், நாசிலே சேதமாகலாம். ஆகவே வெற்றிட வசதி கட்டி, மேல்வானத்தைத் தரையில் உண்டாக்கித்தான் சோதித்து வந்தார்கள். சிக்கலான வேலை.

2024 நவம்பர் 29 அன்று நாசிலுக்கு ஒரு பாதுகாப்பு அமைப்பைப் பொருத்தி, சாதாரணக் காற்றிலேயே எரித்துக் காட்டினார்கள். எஞ்சினை ராக்கெட்டில் ஏற்றுமுன் செய்யும் ஏற்புச் சோதனையை இது எளிதாக்கும். அந்த அமைப்பு ஒருநாளும் பறக்கப்போவதில்லை. ஆனாலும் எஞ்சினைச் செய்வதற்குச் சற்றும் குறையாத கெட்டிக்காரத்தனம், அதைக் கெடுக்காமல் சோதித்துப் பார்க்க வழி கண்டதிலும் இருக்கிறது என்பேன்.