படகுத்துறைக்கு முன்னால் மூன்று எழுத்தாளர்கள்

பயணத் திட்டத்தை ஓர் எழுத்து வடிவமாக யாரும் விமர்சித்துப் பார்த்ததில்லை. ஆனால் இன்று அதிகம் பகிரப்படும், அதிகம் நகலெடுக்கப்படும் உரைநடைகளில் அதுவும் ஒன்று. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு, புதுச்சேரி நண்பர்களிடம் யாழ்ப்பாணத் தீவுகளுக்கான கூகுள் ஷீட்டுகள் சுற்றி வருகின்றன. காரைக்கால் தாண்டினால் நாகை, அங்கிருந்து கடல். முதல் நாள் யாழ் கோட்டை, இரண்டாம் நாள் நயினாதீவு, மூன்றாம் நாள் நெடுந்தீவு. ஒரு பத்தி நேரத்துக்கு, ஒரு பத்தி செலவுக்கு, ஒரு பத்தி வெளிச்சத்துக்கு. நெடுந்தீவின் கட்டக் குதிரைகளை எத்தனை மணிக்கு எடுத்தால் நிழல் நீளமாக விழும் என்பது வரை அதில் உண்டு.

நெடுந்தீவு அந்த ஆசைக்குத் தகுதியான இடம்தான். முருகைக்கல் அடுக்கிய மதில்கள், இடிந்த கோட்டை, ஒல்லாந்தர் காலப் புறாக்கூடு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரம். ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு மனிதர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இது நமக்குப் புதிதில்லை. நம்ம ஊருக்கு வாரக் கடைசியில் வருகிறவர்கள் ரோமன் ரோலன் வீதியின் மஞ்சள் சுவரைப் படம் பிடிக்கிறார்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டியதும் கேமரா பைக்குள் போய்விடுகிறது. பின்னணியாக இருப்பது எப்படியிருக்கும் என்று தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். அதே வேலையை இன்னொரு ஊரில் போய்ச் செய்யும்போது தெரியாதது மாதிரி இருக்க முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, அடுத்த பாலம், புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் படகுத்துறை. எல்லாத் திட்டங்களிலும் இந்தப் பாதை 'பஸ் பயணம்' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஈழ இலக்கியத்தின் மூன்று முக்கியமான பெயர்கள் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கின்றன.

முதலில் வருவது அல்லைப்பிட்டி, ஷோபாசக்தியின் ஊர். 'தீபன்' படத்தின் நாயகனாக அவரைப் பலருக்கும் தெரியும். 2015இல் கான் விழாவின் தங்கப்பனை வென்ற படம் அது. ஆனால் அவரை எழுத்தாளராக நிறுத்தியது 2001இல் வந்த 'கொரில்லா'. நாவலின் ஒரு பகுதி, பிரான்ஸ் அரசுக்கு எழுதப்பட்ட அகதி விண்ணப்பத்தின் வடிவத்தில், எண்ணிட்ட பத்திகளாக இருக்கிறது. இந்த இடத்தைப் புதுச்சேரியில் உட்கார்ந்து படிப்பது தனி அனுபவம். 1962 ஆகஸ்டில் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்களுக்கு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்வு செய்ய ஆறு மாத அவகாசம் இருந்தது. விருப்பத்தை எழுதிக் கொடுத்தால் போதும். அதே அரசின் முன்னால் தீவகத்து இளைஞன் தன் வாழ்க்கையையே ஆதாரமாக எண்ணிட்டு அடுக்க வேண்டியிருக்கிறது, நம்புவார்களா என்ற சந்தேகத்தோடு. விண்ணப்பம் கேட்கும் 'ஒழுங்கான கதை'யை நாவலின் கிண்டல் உடைத்துக்கொண்டே போகிறது. பயணத் திட்டமும் விண்ணப்பம்போல ஒழுங்கான கதையைத்தான் கேட்கிறது.

அடுத்தது புங்குடுதீவு. 1991இல் ராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியதும் ஊர் கிட்டத்தட்ட காலியானது. அந்த வெறுமையைக் கவிதையாக்கியவர் சு. வில்வரத்தினம். 1995இல் வந்த 'காற்றுவழிக் கிராமம்' தொகுப்பில் ஆளில்லாத ஊரில் காற்று அலைகிறது. பஸ் ஜன்னலில் தெரியும் கூரையில்லாத வீடுகளைப் 'பழமையின் அழகு' என்று படம் எடுப்பவர், அந்த வீடுகளுக்கு முப்பத்திச் சொச்சம் வயதுதான் காயம் என்று இந்தத் தொகுப்பிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இழந்த ஊரைப் பாடும் கவிதைக்கும் ஒரு ஆபத்து உண்டு: பாடப் பாட ஊர் குற்றமற்றதாகிவிடுகிறது. துக்கம் நிஜம், வில்வரத்தினத்தின் மொழியும் வலுவானது. இருந்தும் தொகுப்பை மூடும்போது அந்த ஊரில் எல்லோரும் ஒரே துக்கத்துக்குச் சமமான சொந்தக்காரர்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி இல்லை என்பதற்குச் சாட்சி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. அவருடைய ஆசான் மு. தளையசிங்கமே சொல்வார்.

'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' எழுதிய தளையசிங்கத்தைத் தமிழகத்தில் பெரும்பாலும் 'மெய்யுள்', ஆன்மீகம், முற்போக்கினருடனான சண்டை என்றே பேசுகிறோம். எனக்கு அவருடைய எழுத்தில் முதலில் நிறுத்த வேண்டியது புங்குடுதீவின் கிணறு. உப்புத் தண்ணீர்த் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் சில. அவற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அள்ளக்கூடாது. 1971இல் அந்த உரிமைக்காகப் போராடியபோது போலீஸ் அவரைக் கைதுசெய்து அடித்தது. 1973இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். ராணுவம் வருவதற்கு இருபது வருடம் முன்பே அந்த ஊரில் சிலருக்கு இடமில்லாமல் இருந்தது. இந்தத் தகவல் இல்லாமல் 'பாரம்பரியம்' என்ற சொல்லை அங்கே பயன்படுத்தினால் பாதிப் பொய்.

ஆகவே மூவரையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் ஒரு புகைப்படமாக உறைந்துவிடும். வில்வரத்தினத்தின் வெறுமையைத் தளையசிங்கத்தின் கிணறு கேள்வி கேட்கிறது. தளையசிங்கத்தின் பெரிய லட்சியப் பேச்சுக்குப் பக்கத்தில், லட்சியங்கள் எல்லாம் பொய்த்த பிறகு எஞ்சியவனின் சிரிப்போடு ஷோபாசக்தி நிற்கிறார்.

குறிகட்டுவானில் படகு ஏறிய பிறகும் விஷயம் முடிவதில்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினி படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் உட்படக் குறைந்தது 23 பேரைக் கொன்றார்கள். செய்தது கடற்படையினர் என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். ட்ரோன் ஷாட்டில் நீலமாக வரும் அதே கடல்.

இதனால் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்க, படமும் எடுங்க. தீவுக்காரர்களுக்கு வருமானம் வேண்டும், பார்க்க வருகிறவர்களும் வேண்டும். திட்டத்தில் சின்னத் திருத்தம் போதும்: புங்குடுதீவில் அரை நாள் இறங்குங்கள், கப்பல் ஏறுமுன் 'கொரில்லா'வை முடித்துவிடுங்கள். நண்பர்கள் அனுப்பிய ஷீட்டுகள் எல்லாவற்றிலும் நெடுந்தீவுக்கு நேராக ஒரு குறிப்பு இருக்கிறது: குடிதண்ணீர் கையோடு எடுத்துப் போகவும். அந்த ஊர்க்காரர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள், யாரை அள்ள விட்டார்கள் என்று அந்த வரியிலிருந்தே கேட்க ஆரம்பிக்கலாம்.