பாக்டீரியா எதைத் தின்றது?

வங்கதேச ஆர்சனிக் பற்றிப் படிக்கும் எவரும் சார்ல்ஸ் ஹார்வி குழு 2002-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரைக்கு வந்தே தீரணும். மறுபடி படித்தேன். களவேலை அருமை. ஆனால் ஆதாரத்திலிருந்து முடிவுக்குத் தாவும் இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது.

முதலில் அடிப்படை. வண்டல் துகள்கள் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு இருக்கிறது. ஆர்சனிக் அதில் ஒட்டியிருக்கும். நிலத்தடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் சில பாக்டீரியாக்கள் கரிமப் பொருளைத் தின்று, ஆக்சிஜனுக்குப் பதிலாக இந்த இரும்பை வைத்துச் ‘சுவாசிக்கின்றன’. இரும்பு கரையும்போது ஆர்சனிக்கும் நீரில் இறங்குகிறது. 2004-ல் இஸ்லாம் குழு மேற்கு வங்க வண்டலில் அசிடேட் சேர்த்து இதை ஆய்வகத்தில் காட்டியது. இதில் பெரிய சண்டை இல்லை.

சாப்பாடு எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டை. வண்டலோடு புதைந்த பழைய தாவர மட்கு என்றார் மெக்ஆர்தர். பாசன பம்புகள் மேலிருந்து இழுத்துவந்த புதுக் கார்பன் என்றது ஹார்வி குழு. அவர்கள் காட்டிய முக்கிய ஆதாரங்கள் இரண்டு: முன்ஷிகஞ்ச் நிலத்தடி நீரில் இருந்த மீத்தேனின் ரேடியோகார்பன் வயது குறைவு, மொலாசஸைக் கிணற்றில் செலுத்தியதும் ஆர்சனிக் ஏறியது.

மொலாசஸ் சோதனை, நாங்கள் சர்வரில் போடும் லோட் டெஸ்ட் மாதிரி. லோடு ஏத்தினா விழும்னு தெரியும். நேத்து ராத்திரி ஏன் விழுந்துச்சுன்னு அது சொல்லாது. மீத்தேனும் பொதுவாக இரும்புக் கட்டம் தாண்டிய பிறகு உருவாவது. அதன் வயது, மீத்தேன் நுண்ணுயிர்கள் தின்றதற்குச் சாட்சி. இரும்பைக் கரைத்தவையும் அதையேதான் தின்றன என்பதற்கு இன்னொரு படி வேணும்.

நியாயமாகச் சொன்னால், கட்டுரையே ‘கூடும்’ என்றுதான் எழுதுகிறது. அந்தச் சொல்லை உதிர்த்துவிட்டு மேற்கோள் காட்டுபவர்கள்தான் அதிகம். அதே குழுவிலிருந்து 2010-ல் வந்த நியூமனின் ஆய்வு எனக்கு இன்னும் வலுவாகப் படுகிறது. அது நீரின் பாதையையே பின்தொடர்ந்தது: குளத்திலிருந்து இறங்கும் நீர் எளிதில் மட்கும் கார்பனைச் சுமக்கிறது, அங்கே ஆர்சனிக் அதிகம், நெல்வயல் வழி இறங்கும் நீரில் குறைவு.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்கதேச வரம்பு 50. ஒருமுறை சோதித்து, அந்த 50-க்குக் கீழ் வந்த குழாய்க்கிணறுகளுக்குப் பச்சைச் சாயம் பூசினார்கள். சாப்பாடு புதைந்த மட்கு மட்டும்தான் என்றால் அந்தப் பச்சை பெரும்பாலும் நிலைக்கும். மேலிருந்து இறங்குகிறது என்றால் பம்பிங் மாற மாற மறுபடி சோதிக்கணும். விடை முழுசாக வரும்வரை இரண்டாவதை நம்பி நடப்பதே பாதுகாப்பு.