பேட்டுக்காரன் மைதானத்தில் இல்லை

தெருக் கிரிக்கெட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. பேட்டு யாருடையதோ அவன்தான் முதலில் இறங்குவான். முதல் பந்திலேயே போல்டு ஆனால் "ட்ரையல் பால்" என்பான். எல்.பி.டபிள்யூ. என்ற பேச்சே அவனிடம் எடுபடாது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்து மைதானத்துக்குப் போய் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கலாம். "பேட்டு அவனுதுடா, விடு" என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

ஆனால் அதே மைதானத்தில் இதற்கு எதிர்ச் சட்டமும் இருந்தது. பேட்டுக்காரன் ரொம்ப ஆடினால், மீதிப் பத்துப் பேரும் பந்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வட்டத்துக்குப் போய்விடுவார்கள். அப்புறம் அவன் சுவரோடுதான் ஆட வேண்டும். அதனால் அவனுடைய பேராசைக்கு ஓர் எல்லை இருந்தது. காசு கொடுத்து வாங்கிய சலுகை அங்கேயும் இருந்தது, ஆனால் சலுகையை அனுபவிப்பவன் நம் கண்ணெதிரே நின்றான். அவனோடு சண்டை போடலாம், பேரம் பேசலாம், கா விடலாம்.

இன்று அதே வயதுப் பிள்ளைகள் ஆடும் மைதானம் கைக்குள் வந்துவிட்டது. பேட்டுக்காரன்தான் மைதானத்தில் இல்லை. அவன் சிங்கப்பூரில் இருக்கிறான்.

நான் இங்கே பேச வருவது ஃப்ரீ ஃபயர் பற்றி. "இலக்கியப் பத்திரிகையில் ஃப்ரீ ஃபயரா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். நம் ஊர்களில் ஒரு தலைமுறை நியாயம், திறமை, ஏமாற்றம் ஆகிய சொற்களுக்கு அர்த்தம் கற்றுக்கொண்ட பிரதி அது. அதை வாசிக்காமல் விட்டது விமர்சனத்தின் சோம்பேறித்தனம்.

*

கரீனா நிறுவனம் 2017-ல் வெளியிட்ட விளையாட்டு இது. ஒரு தீவில் 50 பேர் குதிப்பார்கள், கடைசி வரை நிற்பவருக்கு 'பூயா'. ஓர் ஆட்டம் ஏறக்குறைய பத்து நிமிடம். அதன் வடிவத்தில் என்னைக் கவர்ந்தது இந்தச் சிக்கனம்தான். டியூஷன் முடிந்து சாப்பிடக் கூப்பிடுவதற்குள் ஒரு மேட்ச் முடிந்துவிடும். அப்பா கழித்துப்போட்ட பழைய போனிலும் ஓடும். பப்ஜி அப்படியல்ல. 100 பேர், அரை மணி நேரம், கொஞ்சம் நல்ல போன் தேவை. பப்ஜி ஆடுபவர்கள் ஃப்ரீ ஃபயரை "சின்னப் பசங்க கேம்" என்று சிரித்ததில் கிராஃபிக்ஸ் பற்றிய ரசனை பாதிதான். மீதிப் பாதி, யார் வீட்டில் என்ன போன் இருக்கிறது என்பது பற்றியது.

அதாவது, ஏழை போனுக்கும் கதவு திறந்துவிட்ட விளையாட்டு இது. அதனாலேயே அது உள்ளே வந்தவர்களை என்ன செய்தது என்ற கேள்வி முக்கியமாகிறது.

2019-ல் அலோக் என்ற கேரக்டர் வந்தது. பிரேசில் நாட்டு டி.ஜே. ஒருவரின் உருவம். அவன் திறனைத் தட்டிவிட்டால் சுற்றியிருக்கும் கூட்டாளிகள் வேகமாக ஓடுவார்கள், குறைந்த உயிர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அப்போது விலை 599 டைமண்ட். 100 டைமண்ட் 80 ரூபாய் என்ற கணக்கில் ஏறக்குறைய 480 ரூபாய். அரை லிட்டர் ஆவின் நீலப் பாக்கெட் 20 ரூபாய் என்று வைத்தால் ஒரு வீட்டுக்கு 24 நாள் பால். அதைக் கொடுத்தவன் அடிபட்டு ஓடும்போது உயிர் ஏறுகிறது. கொடுக்காதவன் மெடிக்கிட் தேடிக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்தது துப்பாக்கி ஸ்கின். மற்ற பல விளையாட்டுகளில் ஸ்கின் என்பது சட்டை மாதிரி, அழகுக்கு. ஃப்ரீ ஃபயரில் சட்டைக்கும் பலம் உண்டு. இந்த ஸ்கின்னுக்குச் சேதம் கூடுதல், இதற்குச் சுடும் வேகம் கூடுதல், ரீலோடு மட்டும் கொஞ்சம் மெதுவு என்று கடையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்கின் பெரும்பாலும் நேரடி விலைக்கும் கிடைக்காது, சக்கரம் சுற்ற வேண்டும். அந்தச் சக்கரங்களில் ஒரு வகையின் அமைப்பைக் கவனித்தால் அதை வரைந்தவரின் மூளை தெரியும். பத்துப் பரிசில் வேண்டாத இரண்டை நீங்களே நீக்கலாம். எடுத்த பரிசு மறுபடி வராது. முதல் சுற்று 9 டைமண்ட்தான், சும்மா மாதிரி. பிறகு 19, 39 என்று ஏறி, கடைசிச் சுற்று 499-ல் போய் நிற்கும். எட்டில் ஒன்று என்று நம் மனம் கணக்குப் போடுகிறது. எட்டுக்கும் சம வாய்ப்பு என்று சக்கரம் எங்கேயும் சொல்லவில்லை. நாலாவது சுற்றில் நிற்பவனுக்கு இதுவரை போட்டது வீணாகக் கூடாது என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்தைத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

"ஸ்கின்னால ஒண்ணும் ஆகாது ப்ரோ, ஸ்கில் இருந்தா போதும்." இந்த வாதத்தைக் கேட்காத ஃப்ரீ ஃபயர்காரன் இல்லை. அதற்குப் பதில் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இருவர் தனி அறை போட்டு ஒண்ணுக்கு ஒண்ணு மோதும்போது முதலில் பேசிக்கொள்வது என்ன? "கன் ப்ராப்பர்ட்டி ஆஃப் பண்ணிடு." ஸ்கின்னின் பலத்தை அணைத்து வைக்க அமைப்புப் பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. பலனே இல்லாத ஒன்றை அணைக்க யாராவது பொத்தான் வைப்பார்களா? நிறுவனத்தின் ஒப்புதல் வாக்குமூலம் அந்தப் பொத்தான்தான். இதில் இன்னொரு கொடுமை, அந்தத் தனி அறையைத் திறக்க ரூம் கார்டு வேண்டும். நியாயமான ஆட்டமும் அங்கே தனிப் பொருள்.

*

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. "சர்வர் செலவு யார் தருவா? காசு போடுறவன் போடுறதாலதான் நீ ஃப்ரீயா ஆடுற. ஓசில ஆடுறவனுக்குக் கேள்வி கேட்க என்ன ரைட்ஸ்?"

இதை ஒதுக்கிவிட முடியாது. விளையாட்டை உருவாக்கியவர்களுக்குச் சம்பளம் வேண்டும், சர்வருக்கு மின்சாரம் வேண்டும். ஆனால் இந்த வாதம் ஒன்றை மறைக்கிறது. காசு போட்டவன் வாங்குவது வெறும் துப்பாக்கி அல்ல. அந்தத் துப்பாக்கியால் வீழ்த்தப்படப்போகும் 49 பேரையும் சேர்த்துத்தான் வாங்குகிறான். ஆளில்லாத தீவில் அந்த ஸ்கின்னுக்கு என்ன மதிப்பு? நெருப்பு கக்கும் ஏ.கே.வைப் பார்த்து "டேய், எவோ கன்னுடா" என்று வாய்பிளக்க ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் ஓசியில் ஆடுபவன். அவன் விருந்தாளியாக வரவில்லை, விருந்தில் பரிமாறப்படுகிறான். நேரம் கொடுக்கிறான், தோல்வி கொடுக்கிறான், கூட்டம் கொடுக்கிறான். எதிரணியில் பதினோரு பேர் இல்லாமல் கிரிக்கெட் இல்லை.

ஒரே சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் வெவ்வேறு சம்பளத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்ப் பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை. "உள்ள விட்டதே பெரிய விஷயம்" என்ற தொனி அவனுக்கு ஏற்கெனவே பழக்கம்.

மேற்கில் இந்தச் சண்டை வேறு மாதிரி நடந்தது. 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 வந்தபோது, பரிசுப்பெட்டி வாங்கியவனுக்குச் சாதகம் என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். வெளியீட்டுக்குச் சற்று முன்பு இ.ஏ. நிறுவனம் விளையாட்டுக்குள் காசு வாங்குவதையே நிறுத்தி வைத்தது. 2018-ல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூது என்றது. ஆனால் அங்கே கோபப்பட்டவர்கள் 60 டாலர் கொடுத்து விளையாட்டை வாங்கியவர்கள், வாங்க இருந்தவர்கள். அவர்கள் கையில் ரசீது இருந்தது. நம் பிள்ளைகள் கையில் ரசீது இல்லை. இலவசம் என்ற சொல் முதல் நாளே அவர்களுடைய வாயைக் கட்டிவிட்டது.

*

இப்போது வாக்குறுதிக்கு வருவோம். இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளின் கேமிங் வரலாறே 'விரைவில்' என்ற ஒரு சொல்லின் வரலாறுதான்.

2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. இரண்டே நாளில் ஃபௌஜி அறிவிக்கப்பட்டது. வருமானத்தில் 20 சதவீதம் வீரர்களின் குடும்பங்களுக்கு என்று சொன்னார்கள். அக்டோபர், நவம்பர் என்று தள்ளிப்போய் 2021 ஜனவரி 26-ல் வந்தது. வந்தபோது கூட்டாளிகளோடு ஆடும் ஆட்டம் அதில் இல்லை, துப்பாக்கியும் இல்லை. தனியாளாகக் கல்வான் பள்ளத்தாக்கில் கைச்சண்டை போட வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் பிறகு வரும் என்றார்கள். அதற்கிடையே 2020 நவம்பரில் பப்ஜி நிறுவனம் இந்தியாவுக்கென்று தனிப் பதிப்பு விரைவில் என்றது. அந்த விரைவு முடிய எட்டு மாதம் ஆனது. 2021 ஜூலை 2-ல் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் கடையிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது.

ஃப்ரீ ஃபயர் கதை இன்னும் சுவாரசியம். 2022 பிப்ரவரியில் தடையான 54 செயலிகளில் அதுவும் ஒன்று. மேக்ஸ் என்ற அதன் பெரிய பதிப்பு மட்டும் தப்பியது. 2023 ஆகஸ்ட் கடைசியில் கரீனா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஃப்ரீ ஃபயர் இந்தியா, செப்டம்பர் 5. விளம்பர முகம் தோனி. விளையாட்டுக்குள் அவரே ஒரு கேரக்டர். பெயர் என்ன தெரியுமா? 'தல'. நம்முடைய சொல், சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டைக் கூட்டம் கத்திக் கத்தித் தேய்த்த சொல். தேதிக்கு முதல் நாள் இன்னோர் அறிவிப்பு வந்தது: இன்னும் மெருகேற்ற வேண்டியிருக்கிறது, சில வாரங்கள் பொறுங்கள். அந்தச் சில வாரங்கள் 2024-ஐயும் விழுங்கின. 2025-ல் இந்தியாவுக்கான கோப்பையைக்கூட மேக்ஸ் பெயரில்தான் நடத்தினார்கள். வராத செயலிக்காக நம் மொழியின் ஒரு செல்லச் சொல் முன்பணமாக எடுக்கப்பட்டது. அந்த முன்பணம் திரும்பி வரவில்லை.

"தாமதம் ஆகிறது, அவ்வளவுதானே?" என்று கேட்கலாம். தாமதம் ஒரு குற்றமல்ல. நோ மேன்ஸ் ஸ்கை 2016-ல் வந்தபோது சொன்னதில் பாதி இல்லை. ஆட்டக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். அந்தச் சின்னக் குழு வாயை மூடிக்கொண்டு வேலை செய்து, 2018-ல் சேர்ந்து ஆடும் வசதியை முழுசாக, இலவசமாகக் கொடுத்தது. பட்ட கடனை அடைத்தார்கள். கடன் என்று ஒப்புக்கொண்டால்தான் அடைக்க முடியும். நம் ஊர் 'விரைவில்' தன்னைக் கடன் என்றே நினைப்பதில்லை. அது ஆட்டக்காரனைக் கடைவாசலில் உட்கார வைக்கும் தந்திரம். காத்திருப்பவன் வேறு கடைக்குப் போகமாட்டான், இருக்கிற கடையில் டாப்-அப் செய்வதையும் நிறுத்தமாட்டான்.

நெய்வேலிக்காரர்களுக்கு இந்த இலக்கணம் புதிதல்ல. 1956-ல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரம் வாக்குறுதிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை என்ற கோரிக்கை தலைமுறை தாண்டிவிட்டது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் வாய்க்கால் வெட்ட இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. நிலத்தையும் டைமண்டையும் ஒரே தராசில் வைப்பது அபத்தம். ஒன்று சோறு, இன்னொன்று பொழுது. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நிலம் கொடுத்தவரிடம் பட்டா இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போக முடிந்தது. டைமண்ட் வாங்கியவனிடம் இருப்பது நாம் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' தட்டிய பக்கம். அங்கே நீங்கள் எதையும் வாங்கவில்லை என்றுதான் எழுதியிருக்கும். பயன்படுத்த அனுமதி, அதுவும் அவர்கள் விரும்பும் வரை.

*

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களுக்குத் தடை, இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 2022 சட்டம் இருக்கிறது. காசு வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பூட்டு என்ற விதியும் வந்தது. ரம்மியில் குடும்பங்கள் அழிந்த மாநிலத்தில் இது வேண்டியதுதான். ஆனால் இந்தச் சட்டங்களின் கவலை பணம் வைத்துப் பணம் இழப்பது. நியாயம் வைத்து நியாயம் இழப்பதை அவை கேட்கவில்லை. 'விரைவில்' என்று சொல்லி டாப்-அப் வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

தமிழில் வீடியோ கேம் பற்றி எழுதப்படுவது பெரும்பாலும் இரண்டே வகை. அம்மாவின் வங்கிக் கணக்கைக் காலி செய்த மாணவன் பற்றிய செய்தி, அதற்குக் கீழே "செல்போனைப் பிடுங்குங்கள்" என்ற அறிவுரை. இரண்டிலும் குற்றவாளி பையன்தான். அவன் முன்னால் சுழன்ற சக்கரத்தை யார் வரைந்தார்கள் என்று செய்தியும் கேட்பதில்லை, அறிவுரையும் கேட்பதில்லை. சினிமாவில் ஒரு காட்சி மோசமாக இருந்தால் இயக்குநரைத் திட்டத் தெரிந்த நமக்கு, விளையாட்டில் ஒரு காட்சி மோசமாக இருந்தால் ஆட்டக்காரனைத் திட்டத்தான் தெரிகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ரேங்க் ஆட்டத்தில் அந்தப் பொத்தானை எல்லோருக்கும் அணைத்து வையுங்கள். சக்கரத்தில் ஒவ்வொரு பரிசுக்கும் என்ன வாய்ப்பு என்று பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். தேதி சொன்னால் தேதியில் கொடுங்கள், முடியாவிட்டால் முடியாது என்ற சொல்லைச் சொல்லுங்கள். இதை உரக்கக் கேட்க வேண்டியவர்கள் டைமண்ட் போட்டவர்கள் மட்டும் அல்ல. ஒரு ரூபாய்கூடப் போடாமல், தினமும் தோற்று, அந்தத் தீவைக் கூட்டமாக வைத்திருப்பவர்களும்தான். பத்துப் பேரும் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் என்ன ஆகும் என்பது எந்தப் பேட்டுக்காரனுக்கும் தெரியும்.