ஒக்காமின் தத்துவமும் உடைமைப் பிரச்சினையும்

மத்தியகால ஐரோப்பியத் தத்துவத்தை வெறுஞ் சொற்போர் என்று தள்ளிவிடுவது ஒரு சாராரின் வழக்கம். மற்றொரு சாரார் அதிலே தமக்கு உகந்த ஒருவரைத் தேடியெடுத்து முற்போக்காளராக முடிசூட்டுவர். 1347இல் மியூனிக் நகரில் மறைந்த ஆங்கிலத் துறவி ஒக்காம் வில்லியம் இவ்விரு அநீதிகளுக்கும் ஆளானவர்.

'மனிதன்' என்னும் பொதுமை, தனித்தனி மனிதருக்குப் புறம்பாக உலகில் இருப்பதன்று, இருப்பவை தனிப்பொருள்களே, பொதுமை உள்ளத்துக்கும் சொல்லுக்குமே உரியது. இதுவே அவரது பெயர்வாதம். 1845இல் வெளிவந்த 'புனிதக் குடும்பம்' என்னும் நூலில், பெயர்வாதத்திலே பொருள்முதல்வாதத்தின் தொடக்கத்தை மார்க்ஸ் கண்டார். அதைக்கொண்டு ஒக்காமைப் பொருள்முதல்வாதி என்பது அவசர முடிபு. கடவுள் பிறரைத் தொடாது ஒரு மனிதனை மட்டும் இல்லாதாக்க வல்லவர். எல்லாரிடத்தும் ஒரே பொதுமை உறையுமாயின் அது இயலாது என்று வாதித்தவர் அவர். தனிப்பொருளின் தனித்தன்மைக்கு அவர் இறைவனின் வல்லமையையே சான்றாக்கினார்.

அவரது சிந்தனை சமுதாயத்தைத் தொட்ட இடம் வேறு. கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் எவ்வுடைமையும் கொண்டிலர் என்று வற்புறுத்துவது மதவிரோதம் எனப் பாப்பரசர் 22ஆம் யோவான் 1323இல் விதித்தார். வறுமையையே விரதமாகக் கொண்ட பிரான்சிஸ்கன் சபையினரை அது நேரே தாக்கிற்று. உணவுபோன்று பயன்படுத்துகையிலே அழியும் பொருள்களில் பயன்பாட்டையும் உடைமையையும் பிரிக்கவியலாது என்பது பாப்பரசரின் வாதம். அச்சபையைச் சேர்ந்த ஒக்காம், 1328இல் அவிஞ்ஞோனிலிருந்து தப்பியோடி, பவேரிய லூயியின் அடைக்கலம் பெற்று, 'தொண்ணூறு நாட் பணி' என்னும் நூலில் அதை மறுத்தார். வாழ்வுத் தேவைக்குப் பொருளைப் பயன்படுத்துதல் இயற்கை நியதிக்குரியது. நீதிமன்றத்தில் வழக்காடிக் காக்கும் உடைமையோ மனிதச் சட்டத்தாற் பிறந்தது என்றார்.

இதன் எல்லையையும் நாம் மறத்தலாகாது. அது வறுமையை விரும்பி ஏற்ற துறவியின் வழக்கு. வறுமை சுமத்தப்பட்ட குடியானவனின் வழக்கன்று. இலத்தீன் அறிந்தார்க்கே அந்நூல் எட்டியது. பாப்பரசரை எதிர்த்தவருக்கு அரசனின் நிழல் தேவைப்பட்டது. 1381இல் இங்கிலாந்துக் குடியானவர் கிளர்ந்தெழுந்தபோது அவர்களிடையே பேசியவர் ஜோன் போல் என்னும் எளிய குருவானவரே.

எனினும், உடைமை மனிதர் வகுத்தது எனின் மனிதர் அதை மாற்றியும் வகுக்கலாம். அம்முடிபுக்கு ஒக்காம் செல்லவில்லை. அதற்கான வாயிலைத் திறந்துவைத்தார். அவர் சென்ற தூரத்தையும் நின்ற இடத்தையும் ஒருங்கே அளப்பதே நேர்மையான விமரிசனமாகும்.