ஒரு சோறு பதமா?

அந்தமானில் பெயரில்லாமல் கிடந்த 21 பெரிய தீவுகளுக்கு, 2023 சனவரி 23 அன்று, போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்களைச் சூட்டினார்கள். நல்ல காரியம். அந்தப் பதக்கம் பதவி பார்ப்பதில்லை என்பதும் உண்மைதான். மேஜர்களோடு ஹவில்தார் அப்துல் ஹமீதும் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்காவும் அதே வரிசையில் நிற்கிறார்கள்.

ஆனால் ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஒருவரை வணங்கினால் கூட இருந்தவர்களையும் வணங்கியதாகும்’ என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியாது. எத்தனையோ வருடமாக இதை மறுத்து வருகிறேன்.

அந்த 21 பேரில் 14 பேர் இறந்த பின் கௌரவிக்கப்பட்டவர்கள். செத்தவன் வந்து தன் கதையைச் சொல்லப் போவதில்லை. பக்கத்தில் நின்றவன் பிழைத்து வந்து சொல்ல வேண்டும். அதிகாரி அதை நம்பிப் பரிந்துரை எழுத வேண்டும். அந்தத் தாள் படிப்படியாக ஏறி டெல்லிக்குப் போய்ச் சேர வேண்டும். ஆக, பதக்கம் கிடைப்பது வீரத்துக்கு அல்ல, சாட்சி வாய்த்த வீரத்துக்கு. அந்தச் சாட்சியும் தவறலாம். 1962 இந்திய-சீனப் போரில், அக்டோபரில், பாங்கோங் ஏரிக்கரையில் சிரிஜாப் காவல்நிலையைக் காத்த மேஜர் தன்சிங் தாபாவை இறந்தவர் என்று நினைத்தே விருதுக்குத் தேர்ந்தார்கள். அவர் சீனர்களிடம் கைதியாக உயிரோடு இருந்தார்.

அதே போரில் லடாக்கின் ரெசாங் லா கணவாயைப் பாருங்கள். 1962 நவம்பர் 18. 16,000 அடிக்கு மேலே, 13ஆம் குமாவோன் படைப்பிரிவின் சி கம்பெனி, ஏறக்குறைய 120 பேர். பெரும்பாலும் அரியானாப் பக்கத்து அகிர் குடும்பத்துப் பிள்ளைகள். நம் பீரங்கிகளுக்கும் அவர்களுக்கும் நடுவே மலை மறித்தது. 110 பேருக்கு மேல் மடிந்தார்கள். தப்பி வந்த ஓரிருவர் நடந்ததைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. அடுத்த பிப்ரவரியில் மேலே போய்ப் பார்த்தபோது, பதுங்குகுழிகளில் ஆயுதத்தைப் பிடித்தபடியே உறைந்து கிடந்தார்கள். அந்த உடல்கள்தான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. மேஜர் சைத்தான் சிங்குக்குப் பரம்வீர் சக்ரா, எட்டுப் பேருக்கு வீர் சக்ரா. ஒரே பனியில், ஒரே நிலையில் கிடந்த மற்றவர்கள் எதில் குறைந்தார்கள்? பதம் பார்த்த பிறகு மிச்சச் சோற்றுக்குப் பெயர் வேண்டியதில்லை. இவர்களுக்குப் பெயர் இருந்தது. பெயர் வைத்த தாய்மார்கள் இருந்தார்கள்.

பெயரை எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. செங்கத்துக்குப் பக்கத்தில் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. தொறுப் பூசலில், அதாவது கால்நடைக்கான சண்டையில், இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனை மட்டும் அதில் செதுக்கவில்லை. கள்வர்களைக் கடித்து அவனுக்குக் காவல் நின்ற நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்று எழுதியும் வைத்தார்கள். எழுதத் தெரிந்தவர்களே அரிதாக இருந்த காலம் அது.

ரெசாங் லாவில் இறந்தவர்களின் பெயர்கள் சுசூல் நினைவிடத்தில் இருக்கின்றன. சைத்தான் சிங் பெயர் தாங்கும் தீவிலும் அவற்றைக் கல்லில் வெட்டட்டும், கடைசிச் சிப்பாய் வரை.