கட்டத்துக்குள் அடங்காத காந்தாரம்

1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டிச் சனங்களுக்கு, 2017 யூலையில்தான் துறைமுகப் பகுதி திரும்பக் கிடைத்தது. வீடு, வள்ளம், வலை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டிய ஊர்களில் பிள்ளைக்கு ஒரு வீணை வாங்குவது கடைசிச் செலவாகத்தான் இருக்கும். கைத்தொலைபேசி அப்படியல்ல. ஆகவே கூகுள் 2016இல் இலவசமாக வெளியிட்ட குரோம் மியூசிக் லாப் போன்ற இணைய இசை விளையாட்டுகளை நாம் அக்கறையோடு எடைபோட வேண்டும்.

ஒலியியலைப் புரியவைப்பதில் கரும்பலகை இவற்றுக்கு ஈடாகாது. தந்தியின் நீளம் பாதியானால் மேல் சட்சம், மூன்றில் இரண்டானால் பஞ்சமம். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையின் அறிமுறைத் தாளுக்காகப் பிள்ளைகள் பாடமாக்கும் இவ்வகைச் செய்திகளைத் திரையில் தந்தியைத் தொட்டுக் கேட்டே அறியலாம். இந்தக் கணக்கு நமக்கு அந்நியமும் அல்ல. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த சுவாமி விபுலானந்தர், 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ் இசையைக் கணிதத்தால் ஆராய்ந்தவர்.

இந்தத் தொகுப்பில் பிள்ளைகள் அதிகம் விரும்புவது சாங் மேக்கர் என்ற பகுதி. கட்டங்களைத் தொட்டால் நிறம் ஏறும், பாட்டு ஒலிக்கும். அதில் ஐந்து சுர அளவைத் தெரிவுசெய்தால் மோகனத்தின் சுரங்கள் கிடைக்கும். அதே சுரங்களில் ரிஷபத்தைச் சட்சமாகக் கொண்டால் மத்தியமாவதி, காந்தாரத்தைக் கொண்டால் இந்தோளம். சட்சத்தை இப்படி இடம் மாற்றும் கிரகபேதத்தை இவ்வளவு எளிதாகக் காட்டும் வழி வேறில்லை.

ஆனால் என் பெரிய மனக்குறையும் இந்தச் சாங் மேக்கர்மீதுதான். தெரிவுசெய்த அளவுக்கு வெளியே உள்ள சுரத்தை அது தருவதே இல்லை. எங்கே தொட்டாலும் இனிமைதான். அபசுரம் விழவே முடியாத இடத்தில் காது எதைக் கொண்டு பழகும்? ஆரம்பப் பாடமான மாயாமாளவகௌளை அதன் அளவுப் பட்டியலில் இல்லை. பன்னிரு சுரங்களையும் திறந்துவிட்டு நாமே பொறுக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டும் சம இடைவெளியில் வெட்டப்பட்டவை. தம்புராவோடு இயல்பாக இணையும் அந்தர காந்தாரத்தைவிட அங்குள்ள காந்தாரம் ஏறத்தாழ 14 சென்ட் கூடுதல், அதாவது ஓர் அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. எல்லாவற்றையும்விட, தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதே இல்லை. அசைவுதான் அதன் உயிர். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த மண்ணில், சுரம் என்பது ஒரு கட்டம் என்று பிள்ளை முதல் நாளிலேயே நம்பிவிடக் கூடாது.

இதற்கு மாற்று அதே தொகுப்பிலேயே இருக்கிறது. ஸ்பெக்ட்ரோகிராம் என்ற பகுதி, ஒலிவாங்கி வழியே வரும் குரலை உடனுக்குடன் படமாக்கும். நேராகப் பிடித்த சட்சம் கோடாக நீளும். சுரத்தின் அசைவான கமகம் அலையாக வளையும். ரீச்சர் பாடிய வளைவையும் தான் பாடிய வளைவையும் பிள்ளை அடுத்தடுத்துப் பார்க்கலாம். வண்ணக் கட்டங்களைவிட நம் இசைக்கு நெருங்கிய கருவி இதுவே.

சங்கீத ஆசிரியர்களே, சுருதியோடு பாடிப் பழகிய பிறகு இதை வகுப்பில் திறந்து காட்டுங்கள்; சாங் மேக்கர் பிந்தி வரட்டும். இந்த விளையாட்டுகளில் பலவற்றின் நிரல்கள் எவரும் எடுத்து மாற்றக்கூடியபடி திறந்தே கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் கணினி படிக்கும் இளையோர், சட்சத்தை விரும்பிய சுருதியில் வைக்கவும் கமகத்தை விரலால் வரையவும் இடம்தரும் ஒரு தமிழ்க் கருவியைச் செய்து தர வேண்டும்.